உங்க பை, அடுத்தவர் தலை

1/
பிளேன்ல தலைக்கு மேல வைக்கிற பைகளைப் பத்தி ஒரு நீண்ட த்ரெட்.

"இதுக்கெல்லாம் ஒரு த்ரெட்டா டாக்டர்"னு கேக்கறவங்க முதல் அஞ்சு ட்வீட் மட்டும் படிங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க. பிளேன் ஏறாதவங்களும் படிங்க. மகளோட பேறுகாலத்துக்கோ, பேரப்பிள்ளையைப் பாக்கவோ உங்க அம்மா ஒரு நாள் ஏறுவாங்க.

2/
சில மாதங்களுக்கு முன்னாடி நான் டூட்டியில இருந்தப்ப 68 வயசு அம்மா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்திச் சொல்றேன்.

மகன் சொன்னது: "ஒரு வாரமா அம்மா ஒரு மாதிரி இருக்காங்க சார். அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துடறாங்க. நேத்து என்னைத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நடந்தா இடது கால் இழுக்குது. வயசாயிடுச்சுல்ல, மறதி நோயா இருக்குமோ?"

3/
கீழ விழுந்தாங்களா? இல்ல சார். தலையில அடி? இல்ல சார். சர்க்கரை சரியா இருக்கு. பிரஷர் பரவாயில்ல. இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கறதால ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை தினமும் சாப்பிடறாங்க.

மகனை விட்டுட்டு அந்த அம்மாகிட்டயே கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "பிளேன்ல ஒரு பை விழுந்துச்சு தம்பி. ரத்தம்கூட வரல. அந்தப் புள்ள சாரி சொல்லுச்சு."

மகனுக்கே அது புதுச் செய்தி. சிங்கப்பூர்ல மகள் வீட்டுல மூணு மாசம் இருந்துட்டு திருச்சியில வந்து எறங்கி அப்போ அஞ்சு வாரம் ஆகியிருந்தது.

4/
சிடி ஸ்கேன்ல வலது பக்கம், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல, பிறை நிலா வடிவத்துல பழைய ரத்தம். மூளையையே இடது பக்கமா தள்ளி வச்சிருந்தது.

நான் எம்பிபிஎஸ் டூட்டி டாக்டர். மண்டையைத் திறக்கிற ஆள் இல்ல. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்க மண்டையோட்டுல சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேத்தினாங்க. பழைய எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பா வரும் அது. அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. நடந்தே வீட்டுக்குப் போனாங்க. இன்னும் ஒரு வாரம் "வயசாயிடுச்சு"ன்னு வீட்டுல வச்சிருந்தா இந்தக் கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

5/
அந்தப் பைக்குச் சொந்தக்காரர் இப்போ எங்கயோ நல்லா இருக்கார். "சாரி ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு, பையை எடுத்துக்கிட்டு, எறங்கிப் போயிட்டார். அவர் கெட்டவர்னு நான் நினைக்கல. ஒரு தலையில துளை போட வேண்டி வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. தெரியப்போறதும் இல்ல.

இந்த த்ரெட் அவருக்காக எழுதுறது. அவர் நீங்களா இருக்கலாம். நானாவும் இருந்திருக்கலாம். அதைப் பின்னாடி சொல்றேன்.

6/
முதல்ல உடம்பு. வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். எல்லாருக்கும் சுருங்கும். மண்டையோடு சுருங்காது. அதனால நடுவுல இடைவெளி கூடும். மூளையோட மேற்பரப்புல இருந்து வெளி உறைக்குப் போற மெல்லிய ரத்த நாளங்கள் அந்த இடைவெளியில இழுபட்டு நிக்கும்.

இளவயசுல வெறும் வீக்கத்தோட போற அடி, 70 வயசுல அந்த நாளங்கள்ல ஒண்ணைக் கிழிச்சுடும். ரத்தம் சொட்டுச் சொட்டாக் கசியும். மாத்திரையும் சாப்பிடறவங்களா இருந்தா அது சீக்கிரம் நிக்காது. ரெண்டு வாரமோ ஆறு வாரமோ கழிச்சு மறதி, தள்ளாட்டம், தூக்கக் கலக்கம்னு வெளிய தெரியும். அதுக்குள்ள அடி பட்டதே மறந்து போயிருக்கும்.

7/
இப்ப கணக்கு. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

மேல்பெட்டிக்கும் உட்கார்ந்திருக்கிறவர் தலைக்கும் நடுவுல ஏறக்குறைய அரை மீட்டர்னு வச்சுக்குவோம். 10 கிலோ பை அரை மீட்டர் விழுந்தா சுமார் 49 ஜூல் ஆற்றல். ஒரு கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். அதே 49 ஜூல் அந்தப் பந்துக்கு வேணும்னா அது மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் வேகத்துல வரணும்.

8/
இதே கணக்கை மத்த எடைகளுக்கும் போட்டுப் பாத்தேன்.

7 கிலோ பை: 75 கிலோமீட்டர் வேகப் பந்து.
10 கிலோ: 90.
15 கிலோ: 109.
23 கிலோ: 135. அதாவது நல்ல வேகப்பந்து வீச்சாளர்.

ஹெல்மெட் இல்லாம, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற உங்க அம்மா தலைக்கு இதுல எந்தப் பந்து சரின்னு சொல்லுங்க.

9/
"பந்து கெட்டி, பை மெத்துனு இருக்கும்"னு சிலர் வருவாங்க. பாதி சரி. பந்தோட அடி ஒரு புள்ளியில எறங்கும், துணிப் பையோட அடி பரவும். ஆனா இன்னிக்கு மேல ஏத்துறது துணிப் பையா? கெட்டிப் பிளாஸ்டிக் ட்ராலி. அதுக்கு நாலு சக்கரம், எட்டு முனை. சக்கரமோ முனையோதான் முதல்ல எறங்கும்.

இன்னொண்ணு, பந்து பட்டுத் தெறிச்சுப் போயிடும். பை அப்படியே அழுத்தும். தலையோட சேத்துக் கழுத்தும் மடங்கும். கழுத்து எலும்பு தேய்ஞ்சவங்களுக்கு அது என்ன பண்ணும்னு எந்த எலும்பு டாக்டர்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

10/
இந்தப் பை எப்போ விழும்? பை விழணும்னா கதவு திறக்கணும். கதவு அதிகம் திறக்கறது தரையிலதான். ஏறும்போது ஒருத்தர் இடமில்லாத இடத்துல இடிச்சுத் திணிப்பார். எறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்ட உடனே எல்லாரும் எழுந்து நின்னு மேல இழுப்பாங்க. "பைகள் நகர்ந்திருக்கலாம், கவனமாகத் திறக்கவும்"னு அறிவிப்பு சொல்லிட்டே இருக்கும். அதை யாரு கேக்கறா?

அந்த நேரத்துல ஓரத்து சீட்ல உட்கார்ந்திருக்கிறது யாரு? கூட்டம் குறையட்டும்னு பொறுமையா இருக்கிற வயசானவங்க. நாம அவசரப்படுறோம், அடி அவங்க தலையில.

11/
வானத்துலயும் நடக்கும். 2022 மே 1, மும்பையில இருந்து துர்காபூர் போன விமானம் எறங்குற நேரத்துல கடுமையா குலுங்குச்சு. மேல இருந்த பைகள் பயணிகள் மேல விழுந்ததா அன்னிக்கே செய்தி வந்தது. பலருக்குக் காயம்.

2024 மே 21, லண்டன்ல இருந்து சிங்கப்பூர் போன விமானம். ஒருத்தர் இறந்தார். பெல்ட் போடாதவங்க மேல தூக்கி வீசப்பட்டு தலை கூரையில மோதினாங்க. மனுஷனையே தூக்கி அடிக்கிற குலுக்கல் அது. அந்த நேரத்துல 15 கிலோ ட்ராலியை ஒரு சின்னத் தாழ்ப்பாள் மட்டும்தான் பிடிச்சு வச்சிருக்கும்.

12/
மேல்பெட்டிக்கும் தாங்கும் எடைன்னு ஒரு அளவு உண்டு. அது பெட்டிக்குள்ளயே ஒட்டியிருக்கும். அடுத்த முறை படிச்சுப் பாருங்க. விபத்துல முன்பக்கமா ஈர்ப்பு விசை மாதிரி 9 மடங்கு விசை வந்தாலும் பிடிச்சு நிக்கணும்னு விதி. அந்தக் கணக்கு, குறிச்ச எடைக்குள்ள பை இருந்தாத்தான் செல்லும்.

1989 ஜனவரி 8, இங்கிலாந்துல கெக்வொர்த் பக்கத்துல ஒரு போயிங் 737 நெடுஞ்சாலைக் கரையில மோதி 47 பேர் இறந்தாங்க. அதுல மேல்பெட்டிகள்ல பெரும்பாலானவை பிய்ஞ்சு பயணிகள் மேல விழுந்தன. தப்பிச்சவங்களோட காயங்களை டாக்டர்கள் ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சாங்க. இன்னிக்குப் பாதுகாப்பு அட்டையில இருக்கிற குனிஞ்சு உட்காரும் முறை சீரானதுல அந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு.

13/
இவ்வளவும் தெரிஞ்சுதான் 7 கிலோன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல எகானமி சீட்டுக்கு பொதுவா ஒரு பை, 7 கிலோ.

நாம என்ன பண்றோம்? கவுண்டர்ல எடை போடுற வரைக்கும் கனமான பை தூண் பக்கத்துல மச்சான் கையில இருக்கும். போர்டிங் பாஸ் வாங்கினதும் பை திரும்பி வரும். லேப்டாப்பைக் கோட்டுப் பையில போடுவோம். மூணு சட்டை மேல மூணு சட்டை போடுவோம். அதை "எப்படி ஏமாத்தினேன் பாத்தியா"ன்னு ரீல்ஸ் வேற. லட்சக்கணக்குல லைக்.

ஏமாந்தது விமான கம்பெனி இல்லங்க. உங்களுக்குக் கீழ உட்காரப் போற ஆள்.

14/
சொல்றேன்னு சொன்னேன்ல. சென்னையில இருந்து டெல்லிக்கு ஒரு முறை போனேன். அனுமதி 7 கிலோ. என் பை 12. லேப்டாப், பிஜி நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள், அங்க இருக்கிற நண்பனுக்கு எங்கம்மா கொடுத்துவிட்ட அதிரசம் ஒரு எவர்சில்வர் தூக்குல. யாரும் எடை போடல. நானும் வாயைத் திறக்கல.

மேல ஏத்தும்போது கை நடுங்கிச்சு. பக்கத்துல இருந்தவர் பிடிச்சுத் தள்ளிவிட்டார். கீழ ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். எதுவும் நடக்கல. நடக்காததுக்குக் காரணம் என் படிப்பு இல்ல. அதிர்ஷ்டம்.

15/
இப்ப ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ரெண்டு வருஷம் வளைகுடா வெயில்ல வேலை செஞ்சுட்டு வர்ற தொழிலாளி, பிள்ளைக்கு நாலு பொருள் கொண்டு வர்றான். அவன் வயித்துல அடிக்கிறீங்களா?"

இல்ல. நியாயமான கேள்வி, அதனால நேரா பதில் சொல்றேன். அவருக்கு நான் கேக்கறது செக்-இன்ல இன்னும் அஞ்சு கிலோ. அதுக்குக் கேட்கிற காசு அவரோட சில நாள் கூலின்னா தப்பு அவர் மேல இல்ல, அந்த விலை மேல.

ஆனா ஒண்ணு. நான் பாத்தவரைக்கும் மேல்பெட்டியை அடைக்கிற கனமான ட்ராலிகள் அவரோடது இல்ல. பெல்ட்ல 20 நிமிஷம் நிக்கப் பொறுமை இல்லாத, டக்-இன் பண்ணின சட்டைக்காரங்களோடது. ஏழையைக் கேடயமாப் பிடிக்காதீங்க.

16/
அடுத்து கம்பெனிகள். அவங்களை விட்டுட்டுப் பயணியை மட்டும் திட்டினா இந்த த்ரெட் நேர்மையா இருக்காது.

2008-ல அமெரிக்காவுல பெரிய நிறுவனங்கள் முதல் செக்-இன் பைக்கே காசு வாங்க ஆரம்பிச்சாங்க. கீழ போக வேண்டிய பைகள் மேல ஏறின. நம்ம நாட்டுல 2021-ல செக்-இன் பை இல்லாதவங்களுக்குக் குறைச்ச விலையில டிக்கெட் கொடுக்கலாம்னு டிஜிசிஏ அனுமதிச்சது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் தலைக்கு மேல வைங்கன்னு காசு கொடுத்துச் சொல்ற ஏற்பாடு அது.

17/
பைகள் கூடினதும் விமானம் செய்யுறவங்க என்ன பண்ணாங்க? பெட்டியைப் பெருசாக்கினாங்க. போயிங் 737-க்கு வந்த புதுப் பெட்டியில முன்னாடி 4 பை வச்ச இடத்துல 6 பை நிறுத்தி வைக்கலாம். ஏர்பஸ்லயும் இதே கதை. விளம்பரத்துல "அதிக இடம்"னு வரும். அதிக எடைன்னும் அதுக்கு அர்த்தம் உண்டு. அதை யாரும் விளம்பரத்துல போட மாட்டாங்க.

18/
"பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல கைப்பை 23 கிலோ வரைக்கும் விடறாங்களே"ன்னு ஒருத்தர் வருவார். ஆமா, விடறாங்க. பயணியே தூக்கி வைக்க முடியணும்னு ஒரு நிபந்தனையும் போடறாங்க. அமெரிக்காவுல பல நிறுவனங்கள் அளவைத்தான் பாக்கறாங்க, எடையைப் பாக்கறதில்ல.

அதனால லண்டன்ல புவியீர்ப்பு குறைஞ்சுடுச்சா? எட்டாவது ட்வீட்டுக்குப் போய் 23 கிலோவுக்கு நேரா என்ன இருக்குன்னு பாருங்க. வெள்ளைக்காரன் அனுமதிச்சா தலை கெட்டியாகிடாது.

19/
விமான கம்பெனிகள்கிட்ட நான் கேக்கறது நாலு.

எடையைக் கவுண்டர்ல மட்டும் பாக்காம கேட்லயும் பாருங்க. மச்சான் அங்க வர முடியாது.

எடை கூடின பையை கேட்ல அபராதம் இல்லாம கீழ அனுப்புங்க. அபராத பயம்தான் எல்லாரையும் மறைக்க வைக்குது.

பை விழுந்தா, ரத்தம் வந்தாலும் வராட்டியும், எழுதி வைங்க. அடிபட்டவர் கையில ஒரு நகல் கொடுங்க.

கூடவே "அடுத்த சில வாரங்களுக்கு இந்த அறிகுறிகளைக் கவனிங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டு, தமிழ்ல. ஒரு தாள். அந்த அம்மா கையில அது இருந்திருந்தா மகன் அஞ்சு வாரம் காத்திருக்க மாட்டார்.

20/
எடையைத் தாண்டி இன்னொரு விஷயம். பாஸ்போர்ட், நகை, லேப்டாப், மாத்திரை எல்லாத்தையும் மேல வச்சா மனசும் அங்கயே இருக்கும். ஆபத்துல கை அங்கதான் போகும்.

2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்துல இருந்து துபாய் போன விமானம் ஓடுபாதையில மோதித் தீப்பிடிச்சது. உள்ள 300 பேர். புகை வரும்போது மேல்பெட்டியைத் திறந்து பை தேடின வீடியோ உலகம் முழுக்கப் போச்சு. நம்ம பக்கத்து ஊர் ஜனங்க. எல்லாரும் தப்பிச்சாங்க. விமானம் நின்ன ஒன்பது நிமிஷத்துல வெடிச்சு ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

21/
2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. ஏர்பஸ் ஏ350, உள்ள 379 பேர். ஓடுபாதையில கடலோரக் காவல்படை விமானத்தோட மோதி எரிஞ்சது. அந்தச் சின்ன விமானத்துல 5 பேர் இறந்தாங்க. இந்த 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க, பையை விட்டுட்டு.

உயிருக்குத் தேவையானதை இடுப்புலயோ சட்டைப் பையிலயோ வைங்க. மேல இருக்கிறது எரிஞ்சாலும் பரவாயில்லன்னு இருக்கணும்.

22/
நீங்க செய்ய வேண்டியது.

வீட்டுலயே பையைத் தூக்கிப் பாருங்க. ரெண்டு கையையும் நீட்டி, தலைக்கு மேல, யார் உதவியும் இல்லாம அஞ்சு செகண்ட் பிடிக்க முடியலைன்னா அது கீழ போக வேண்டிய பை. பணிப்பெண்ணைத் தூக்கச் சொல்லாதீங்க. உங்களுக்கு ஒரு பை, அவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பை? தோள், முதுகு அவங்களுக்கும் உண்டு.

பாட்டில், எவர்சில்வர் டப்பா, லேப்டாப் எல்லாம் முன் சீட்டுக்கு அடியில. பவர் பேங்க்கும் மேல வேண்டாம். தீப்பிடிச்சா மூடின பெட்டிக்குள்ள யாருக்கும் தெரியாது.

திறக்கும்போது ஒரு கை கதவுல, ஒரு கை கீழ ஏந்தி. கீழ இருக்கிறவர்கிட்ட "கொஞ்சம் தள்ளிக்கோங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

23/
அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது ஓரத்து சீட் வேண்டாம், ஜன்னல் சீட் போடுங்க. பாத்ரூம் போக கஷ்டம்னு ஓரத்துல போட்டா, ஏறும்போதும் எறங்கும்போதும் மட்டுமாவது உள்பக்கம் தள்ளி உட்காரச் சொல்லுங்க. குழந்தைகளுக்கும் இதேதான்.

24/
பை தலையில விழுந்துட்டா:

மயக்கம், வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, தூக்கக் கலக்கம், கை கால் பலவீனம், மூக்கு காதுல ரத்தமோ தண்ணியோ வர்றது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே மருத்துவமனை.

65 வயசுக்கு மேலயோ, ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை சாப்பிடறவரோன்னா ஒண்ணும் இல்லாட்டியும் அன்னிக்கே ஒரு டாக்டரைப் பாருங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

அடுத்த ரெண்டு மூணு மாசத்துல திடீர்னு மறதி, பேச்சுக் குளறல், தள்ளாட்டம் வந்தா "வயசு"ன்னு விடாதீங்க. "இந்தத் தேதியில தலையில அடிபட்டுச்சு"ன்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க. எங்களுக்கு அது பாதி வைத்தியம்.

25/
பணியாளர்கிட்டச் சொல்லி அங்கயே எழுத வைங்க. சர்வதேசப் பயணத்துல விமானத்துக்குள்ள நடக்கிற விபத்தால உடம்புக்குக் காயம்னா நிறுவனம் பொறுப்புன்னு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை சொல்லுது. இந்தியா 2009-ல அதுல சேந்தது. வழக்குப் போட ரெண்டு வருஷம்தான் அவகாசம். "பரவாயில்ல தம்பி"ன்னு பெருந்தன்மையா சொல்லிட்டு எறங்கினா உங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அந்த அம்மாகிட்டயும் இல்ல.

26/
மறுபரிசோதனைக்கு வந்தப்ப அந்த அம்மாகிட்ட கேட்டேன், "அந்தப் பையன் மேல கோவம் இல்லையாம்மா?"

"பாவம் தம்பி, அது வேணும்னா போட்டுச்சு? கை தவறிடுச்சு"ன்னாங்க.

அவங்க மன்னிச்சுட்டாங்க. நான் இன்னும் மன்னிக்கல. பை கை தவறி விழுந்திருக்கலாம். அதுல அவ்வளவு எடையை வச்சது கை தவறி நடந்தது இல்ல. அது வீட்டுல, ஜிப்பை இழுத்து மூடும்போது எடுத்த முடிவு.

அடுத்த பயணத்துக்கு நீங்க ஜிப்பை மூடும்போது அந்த அம்மா ஞாபகம் வரட்டும். அஞ்சு கிலோவை வெளிய எடுங்க.